முட்டை பொரிக்க நடந்தா போதுமா? திருப்பத்தூரில் போகிமான் கோ

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் குறைத்து, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுல போகிமான் கோ பத்தி போற போக்குல ரெண்டே நிமிஷம் பேசினேன். அதுக்கு வந்த வாய்ஸ் நோட் எல்லாம் கேட்டா, டேட்டாபேஸ் பத்தி நாப்பது நிமிஷம் பேசினதை யாருமே கண்டுக்கலைன்னு தெரியுது. சரி, பரவாயில்லை. வாணியம்பாடியிலிருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, முட்டை பொரிக்க டிப்ஸ் சொல்றவங்க எல்லாரும் பெரிய சிட்டியில இருக்காங்க. நம்ம பக்கம் எப்படிப் பண்றது? அதுவும் படிச்சுக்கிட்டே, வேற வேலை பார்த்துக்கிட்டே?" இன்னைக்கு முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

நான் பதில் சொல்லலாம்னு நினைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. வீடு திருப்பத்தூர். வேலை வீட்டிலிருந்தே. மாசத்துக்கு ரெண்டு தடவை ஜோலார்பேட்டையில ரயில் ஏறி பெங்களூர் ஆபீஸ் போயிட்டு வர்றேன். அதனால ஒரே கேமை ரெண்டு விதமான ஊர்ல விளையாடுறேன். ரெண்டும் ஒரே கேம் மாதிரியே இருக்காது.

விளையாடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். போகிமான் கோ 2016 ஜூலையில வெளிநாடுகள்ல வந்தது. இந்தியாவுக்கு அதிகாரபூர்வமா வந்தது அந்த வருஷம் டிசம்பர்ல, ஜியோ கூட கூட்டு சேர்ந்து. நிஜ ஊரோட மேப்தான் கேமோட மேப். கோயில், சிலை, பார்க் மாதிரி இடங்கள் 'போகிஸ்டாப்'பா இருக்கும். பக்கத்துல போய் அதைச் சுத்திவிட்டா பந்து வரும், மருந்து வரும், சில நேரம் முட்டை வரும். அந்த முட்டையை இன்குபேட்டர்ல வச்சுட்டு நடக்கணும். முட்டையைப் பொறுத்து 2, 5, 7, 10, 12 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நடந்தா பொரிஞ்சு உள்ளேயிருந்து ஒரு போகிமான் வெளிய வரும்.

நம்ம வீட்டுல நாட்டுக்கோழியை அடை வச்சா அது 21 நாள், தீனிக்கும் தண்ணிக்கும் தவிர, இடத்தை விட்டு எந்திரிக்காது. எந்திரிச்சு ஊர் சுத்தப் போயிட்டா முட்டை கூமுட்டை. இங்க அப்படியே தலைகீழ். உக்காந்தா ஒண்ணும் ஆகாது, ஊர் சுத்தினாத்தான் பொரியும்.

பழைய போகிமான் கேம்ல கூட இப்படித்தான். 1999-ல ஜப்பான்ல வந்த கோல்ட், சில்வர் கேம்லதான் முட்டை முதல்ல வந்தது. அதுல பொத்தானை அமுக்கினா திரைக்குள்ள இருக்கிற பையன் நடப்பான். கொஞ்ச வருஷம் கழிச்சு வந்த எமரால்ட்ல ஒரு ஏற்பாடு வந்துச்சு: உடம்புல நெருப்பு இருக்கிற போகிமானை டீம்ல கூட வச்சுக்கிட்டா, சூட்டுல முட்டை பாதித் தூரத்திலேயே பொரியும். ரப்பர் பேண்டை ஜாய்ஸ்டிக்ல மாட்டிவிட்டு, பையனை வட்டமா சுத்த விட்டுட்டு சாப்பிடப் போன ஆளுங்க எல்லாம் உண்டு. போகிமான் கோ அந்த ரப்பர் பேண்டை எடுத்துடுச்சு. நடக்கிறது நீங்கதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 'முட்டையைச் சீக்கிரம் பொரிக்கிறது எப்படி'ன்னு தேடினா வர்றது எல்லாமே நடையைப் பத்திதான்: எப்படி அதிகமா நடக்கலாம், எப்படி நடக்காமலே நடந்த மாதிரி காட்டலாம். ஆனா எந்த சிஸ்டத்தையும் வேகமாக்கணும்னா முதல்ல எங்க அடைச்சு நிக்குதுன்னு பார்க்கணும், இல்லையா? எங்க ஊர்ல அடைப்பு நடையில இல்லை. ஒரு நாளைக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறது திருப்பத்தூர்ல ஒரு விஷயமே இல்லை. காலையில அப்பாகூட ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தா 3 கிலோமீட்டர். அவருக்கு சுகர், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். மிச்சம் கடை, டீ, மொட்டை மாடி. அடைப்பு வேற மூணு இடத்துல இருக்கு. முட்டையே கம்மியாத்தான் வருது. இன்குபேட்டர் வாங்க காயின் சேர மாட்டேங்குது. அப்புறம், கூட விளையாட ஆள் இல்லை.

முதல்ல நடைக் கணக்கை முடிச்சுடுவோம், ஏன்னா அதுலதான் சும்மா வீணாகிற கிலோமீட்டர் இருக்கு.

கேமைத் திறந்து வச்சுக்கிட்டு நடந்தா அது ஜிபிஎஸ்ஸை நம்பும். கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒரு புள்ளி எடுக்கும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோடு போட்டு, அதைத் தூரம்னு எழுதிக்கும். நேரான ரோட்டுல பிரச்சினை இல்லை. ஜவ்வாது மலைக்கு ஏறுற கொண்டை ஊசி வளைவுல நினைச்சுப் பாருங்க. நீங்க வளைஞ்சு வளைஞ்சு நடந்திருப்பீங்க, கேம் குறுக்கால கோடு போட்டிருக்கும். வேகத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, மணிக்கு சுமார் 10.5 கிலோமீட்டர். அதுக்கு மேல போனா தூரம் சரியா ஏறாது. பஸ், பைக் எல்லாம் கணக்குல வராது. ஆனா பெங்களூர்ல சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் கேப்ல உக்காந்திருந்தா வரும். நான் அங்க சீட்ல சாஞ்சபடியே முட்டை பொரிச்சிருக்கேன். அந்த நகரத்து ட்ராஃபிக்கால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான்.

கேமை மூடிட்டு நடந்தா கணக்கு வேற. 2018 கடைசியில 'அட்வெஞ்சர் சிங்க்'னு ஒரு வசதி வந்துச்சு. ஆன் பண்ணிட்டா, போன்ல இருக்கிற ஹெல்த் ஆப் எண்ணி வச்ச நடையைக் கேம் வாங்கிக்கும். ஐபோன்ல ஆப்பிள் ஹெல்த், ஆண்ட்ராய்டுல ஹெல்த் கனெக்ட். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, நடக்கும்போது நெட்வொர்க் வேணாம். மலை மேல டவர் இல்லாத இடத்துல ரெண்டு மணி நேரம் நடந்துட்டு, கீழே வந்து சிக்னல் கிடைச்சதும் திறந்தா எல்லாம் மொத்தமா வந்து சேரும். அதனால எங்க பக்கத்து ஆளுங்களுக்கு என் முதல் அட்வைஸ்: மலைப்பாதையில கேமைச் சும்மா மினிமைஸ் பண்ணாதீங்க, முழுசா மூடிடுங்க. பேட்டரியும் மிஞ்சும், வளைவும் வீணாகாது.

போனை ஃபேன் இறக்கையில கட்டிவிடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இப்படி ஆட்டிவிடுறதுக்குன்னே தொட்டில் மாதிரி கருவியெல்லாம் விக்கிறாங்க. வேணாங்க. போன் கழண்டு பறந்து ஜன்னல் கண்ணாடி போனா அதோட விலைக்கு எத்தனை இன்குபேட்டர் வாங்கலாம்னு கணக்குப் போட்டுக்கோங்க. இருக்கிற இடத்தை மாத்திக் காட்டுற ஆப் பத்தியும் கேட்டாங்க. அது விதிப்படி தப்பு, அக்கவுண்ட் போயிடும். அதைப் பத்தி நான் பேசப்போறதில்லை.

அடுத்து இன்குபேட்டர். இங்கதான் கொஞ்சம் மூளையைப் போடணும். எல்லாருக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் பயன்படுத்தக்கூடிய ஆரஞ்சு கலர் இன்குபேட்டர் ஒண்ணு இலவசம். கடையில நீலக் கலர் 150 காயின், மூணே தடவைதான். ஊதாக் கலர் சூப்பர் இன்குபேட்டர் 200 காயின், அதுவும் மூணு தடவை. ஆனா அதுல தூரம் மூணுல ரெண்டு பங்குதான்: 12 கிலோமீட்டர் முட்டை 8-ல பொரியும், 10 கிலோமீட்டர் முட்டை 6.7-ல பொரியும். எல்லா இன்குபேட்டரும் ஒரே நேரத்துல ஓடும். நீங்க ஒரு கிலோமீட்டர் நடந்தா உள்ள இருக்கிற அத்தனை முட்டைக்கும் ஒரு கிலோமீட்டர். இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி சுலபம். காசு கொடுத்து வாங்கினது தடவைக் கணக்குல தேயுது, கிலோமீட்டர் கணக்குல இல்லை. அதனால நீண்ட தூர முட்டையை அதுல வைங்க. 2 கிலோமீட்டர் முட்டையை எப்பவுமே ஆரஞ்சுலதான் வைக்கணும். அதைப் போய் ஊதாவுல வச்சா, முக்கால் கிலோமீட்டர் கூட மிச்சமாகாத விஷயத்துக்கு 67 காயின் கொடுத்த மாதிரி.

இடம்னு ஒரு பிரச்சினையும் இருக்கு. பையில சாதாரணமா 9 முட்டைக்குத்தான் இடம். வேண்டாத முட்டையைத் தூக்கிப்போட வழியே கிடையாது, பொரிச்சாத்தான் போகும். ஸ்டாப் நிறைஞ்ச பெங்களூர் பார்க்ல ஒரு ரவுண்டு போறதுக்குள்ள ஒன்பதும் நிறைஞ்சுடும். அங்க யாரும் இதைப் பத்திக் கவலைப்பட மாட்டாங்க. இங்க எனக்கு ஒரு நாளைக்குக் கண்ணுல படுறதே அஞ்சாறு ஸ்டாப். அதுல ஒண்ணு 10 கிலோமீட்டர் முட்டை தர்ற நேரத்துல பை நிறைஞ்சிருந்தா முடிஞ்சுது. அதனால சிட்டி ஆளுங்க சொல்ற "2 கிலோமீட்டர் முட்டையைக் கண்டுக்காதீங்க" டிப்ஸ் நமக்கு ஒத்துவராது. அதைத்தான் நாம முதல்ல ஆரஞ்சுல போட்டுப் பொரிச்சுத் தள்ளி இடத்தைக் காலி பண்ணணும். குறிப்பா ஞாயித்துக்கிழமை ராத்திரி. வாராந்திர நடைக்கணக்கு திங்கள் காலையில 9 மணிக்கு முடியும். 25, 50 கிலோமீட்டர்னு தாண்டியிருந்தா பரிசா முட்டையும் வர வாய்ப்பிருக்கு, ஆனா பையில இடம் இருந்தாத்தான். வாரத்துக்கு 50-னா ஒரு நாளைக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

சில ஈவென்ட்ல 'பாதித் தூரம்'னு அறிவிப்பாங்க. 2020 மார்ச்ல கொரோனா வந்தப்ப கூட அப்படிப் பண்ணாங்க. இந்த மாதிரி ஈவென்ட்ல பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ள முட்டையை இன்குபேட்டர்ல வச்சாலே போதும், மிச்ச நடையை நாளைக்கு நடந்துக்கலாம். அறிவிப்போட சின்ன எழுத்தை ஒரு தடவை படிச்சுக்கோங்க. ஆபீஸ் மீட்டிங்ல மாட்டிக்கிட்ட நாள்ல இந்த ஒரு வரி என்னைக் காப்பாத்தியிருக்கு.

சரி, காயின் எங்க இருந்து வரும்? நான் இதுக்குக் கைக்காசு போடுறதில்லை. முட்டைக்குள்ள என்னென்ன வரலாம்னு 2021-லிருந்து ஒரு பட்டியல் காட்டுறாங்க, எது அரிசுன்னும் காட்டுறாங்க. ஆனா நூத்துக்கு எத்தனை வாய்ப்புன்னு நம்பர் கிடையாது. காசு கொடுத்து இன்குபேட்டர் வாங்கி, உள்ள என்ன வரும்னு தெரியாம காத்திருக்கிறது எங்க தாத்தா காலத்துல லாட்டரிச் சீட்டு. ஒரே வித்தியாசம், இதுல ஜெயிச்சாலும் காசு வராது. 2025-ல நியான்டிக் தன்னோட கேம் பிரிவை ஸ்கோப்லிக்கு வித்தப்ப விலை 350 கோடி டாலர். அந்த மதிப்புல நம்மள மாதிரி ஆளுங்க வாங்கின இன்குபேட்டருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

இலவச வழின்னா ஜிம். நம்ம போகிமானை ஜிம்ல காவலுக்கு நிறுத்தினா பத்து நிமிஷத்துக்கு ஒரு காயின், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50. எட்டு மணி நேரம் இருபது நிமிஷம் நின்னா 50 வந்துடும். மூணு நாள்ல ஒரு நீல இன்குபேட்டர், அதாவது தினம் ஒரு முட்டைக்கான செலவு தானா வந்துடும். கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா காயின் கைக்கு வர்றது போகிமான் திரும்பி வரும்போதுதான். யாராவது வந்து அடிச்சாத்தான் அது திரும்பி வரும். பெங்களூர்ல அரை மணி நேரத்துல அடிச்சுத் துரத்திடுவாங்க. இங்க என் போகிமான் ஒண்ணு பன்னெண்டு நாள் ஜிம்ல நின்னுச்சு. பன்னெண்டு நாள் நின்னாலும், திரும்பி வந்த அன்னைக்குக் கிடைச்சது அதே 50தான்.

இதுக்குத் தீர்வு எங்க அடுத்த தெருவுல இருந்துச்சு. ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன். அவன் சிவப்பு டீம், நான் நீலம். ஒருநாள் ஜிம் பக்கத்துல போனும் கையுமா நின்னவன்கிட்ட நானே போய்ப் பேசினேன். "டேய் தம்பி, தினமும் சாயங்காலம் டியூஷன் போறப்ப என்னை அடிச்சுட்டு உன்னோடதை நிறுத்து. காலையில நான் வாக்கிங் வர்றப்ப உன்னை அடிச்சுட்டு என்னோடதை நிறுத்தறேன்." அவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். "அண்ணா, அப்ப ரெண்டு பேருக்கும் 50 வருமா?" "வரும்." "அப்ப இது ஏமாத்துறதா?" "இல்லடா, இதுக்குப் பேரு ஷிஃப்ட்." இப்ப மூணு மாசமா ஷிஃப்ட் நடக்குது. பரீட்சை நேரத்துல மட்டும் அவன் லீவு. அவங்க அம்மாவுக்கும் விஷயம் தெரியும். அவங்க போட்ட ஒரே கண்டிஷன், ரோட்டுல நடக்கும்போது போனைப் பார்க்கக் கூடாது.

அந்த அம்மா சொன்னதுதான் மல்டிடாஸ்கிங் பத்தி நான் சொல்ல வந்ததும். அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஒரு கவுன்ட்டியோட போலீஸ் விபத்துப் பதிவுகளை பர்டூ யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தாங்க. கேம் வந்ததுக்கப்புறம் போகிஸ்டாப் பக்கத்துல விபத்து கூடியிருந்துச்சு. அந்தக் கட்டுரை 2017-ல வந்தது. அது வண்டி ஓட்டிக்கிட்டே விளையாடினவங்களைப் பத்தினது. ஆனா எங்க ஊர் ரோட்டுல நடக்கிறவங்களுக்கும் தனியா நடைபாதைன்னு பெரிசா ஒண்ணும் இல்லை. பஸ்ஸும் டிராக்டரும் ஆட்டோவும் நாமளும் ஒரே தார் ரோட்டுல.

அதனால நான் செய்யறது இது. முட்டையை பேக்ரவுண்டு ப்ராசஸா மட்டும்தான் வச்சுக்கிறேன். போனைத் தொடுறது மூணு இடத்துல. வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி இன்குபேட்டரை நிரப்புறேன். ஸ்டாப் வர்ற இடத்துல ஓரமா நின்னு சுத்துறேன். வீட்டுக்கு வந்து என்ன பொரிஞ்சிருக்குன்னு பார்க்கிறேன். நடுவுல போன் பாக்கெட்லதான். அட்வெஞ்சர் சிங்க் எண்ணிக்கட்டும், நான் வேற வேலை பார்க்கிறேன். ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல நான் பேச வேண்டியது ஒரு நிமிஷம், கேக்க வேண்டியது பதினாலு நிமிஷம். அந்தப் பதினாலு நிமிஷமும் மொட்டை மாடியில நடைதான். கோடு பில்ட் ஆக 12 நிமிஷம் ஆகுதுன்னா, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல அது சரியா ஒரு கிலோமீட்டர். முன்னாடி எல்லாம் பில்ட் ஓடும்போது ரீல்ஸ் பார்ப்பேன். எங்க டீம் லீட் பில்ட் நேரத்தை 7 நிமிஷமாக் குறைச்சப்ப எல்லாரும் கைதட்டினாங்க, நான் மட்டும் கொஞ்சம் யோசிச்சேன்.

அப்பாகூட நடக்கும்போது மட்டும் ஸ்டாப்ல கூட நிக்கிறதில்லை. ஆரம்பத்துல நின்னேன். "எதுக்குடா கோயில் வாசல்ல நின்னு போனைத் தேய்க்கிற, சாமிக்குக் கும்பிடு போட்டுட்டு வா"ன்னார். இப்ப கும்பிடு போடறேன். திரும்பி வரும்போது அவர் டீக்கடையில பேப்பர் படிக்கிற நேரத்துல நான் தனியாப் போய்ச் சுத்திட்டு வந்துடறேன்.

கடைசியா முட்டை எங்க இருந்து வரும்ங்கிற கேள்வி. இதுலதான் நான் நிறைய யோசிச்சிருக்கேன்.

ஒரு வழி கிஃப்ட். கேம் நண்பர்கள் அனுப்புற கிஃப்ட்டைத் திறந்தா, பையில இடம் இருந்தா 7 கிலோமீட்டர் முட்டை வரும். கிஃப்ட் அட்டையில அது எந்த ஊர், எந்த ஸ்டாப்புன்னு படத்தோட இருக்கும். எனக்கு சிங்கப்பூர்ல இருக்கிற என் அத்தை பையன் தினமும் அனுப்புறான். அவன் ஆபீஸ் வாசல்ல எடுத்த கிஃப்ட் எங்க ஏரிக்கரையில முட்டையாப் பொரியுது. ஸ்டாப் கம்மியா இருக்கிற ஊர்ல இருக்கிறவங்க, வெளியூர்ல பத்துப் பேரை நண்பராச் சேர்த்துக்கோங்க. இதுதான் இந்த எபிசோடுல உங்களுக்கு நேரடியா உபயோகப்படுற டிப்ஸ். எழுதி வச்சுக்கோங்க.

ஆனா ஏன் நம்ம பக்கம் ஸ்டாப் கம்மி? இந்த மேப் எப்படி வந்துச்சுன்னு பார்த்தா புரியும். நியான்டிக் இதுக்கு முன்னாடி 2012-ல இன்க்ரெஸ்னு ஒரு கேம் விட்டாங்க. அதுல விளையாடினவங்க தங்க ஊர்ல இருக்கிற சிலை, கோயில், சுவரோவியம்னு இடங்களைப் பரிந்துரை பண்ணாங்க. அந்தப் புள்ளிகள்தான் பின்னாடி போகிஸ்டாப்பும் ஜிம்மும் ஆச்சு. 2012-13-ல நல்ல போனும் டேட்டாவும் வச்சுக்கிட்டு அப்படி ஊர் சுத்தினவங்க எங்க இருந்தாங்க? சிட்டியில, ஐடி கம்பெனி பக்கத்துல. ஜவ்வாது மலையில புதூர்நாடு பக்கம் மேப்பைத் திறந்தா பச்சையா வெறுமையா இருக்கு. அங்க ஒண்ணுமே இல்லாததால இல்லை, யாரும் எழுதாததால. அந்த வெறுமைக்காகவே அங்க வந்தவங்களும் இருக்காங்க. இதே மலைத்தொடர்ல காவலூர்ல வானியல் ஆய்வகம் வச்சது சுத்தி இருட்டா இருந்ததாலதான். 1988-ல அங்க கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேரு.

இப்ப யார் வேணும்னாலும், ஒரு லெவல் தாண்டியிருந்தா, புது ஸ்டாப் பரிந்துரைக்கலாம். வேஃபேரர்னு பேரு. போட்டோ, பேரு, விளக்கம் கொடுத்தா மத்த பிளேயர்கள் பார்த்து ஓட்டுப் போடுவாங்க. ஆபத்தில்லாம நடந்து போற வழி இருக்கணும், தனியார் வீடா இருக்கக் கூடாது, பார்க்கத் தகுந்த இடமா இருக்கணும். நான் ரெண்டு மூணு இடம் பட்டியல் போட்டேன். அதுல முதல் இடம் மலையடிவாரத்துல ஒரு நடுகல்.

ஜவ்வாது மலையைச் சுத்தி நடுகல் நிறைய. செங்கம் பக்கத்துல கிடைச்சதை எல்லாம் தொகுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-லயே 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகம் போட்டிருக்கு. பல்லவர் காலத்துக் கல், வட்டெழுத்து. மாடு பிடிக்கிற சண்டையில செத்த வீரனுக்கு வச்ச கல்தான் நிறைய. இந்தப் பக்கம் அந்த வீரன் பல இடத்துல வேடியப்பன். கும்பிடுற சாமி.

அங்கதான் எனக்கு யோசனை வந்துச்சு. 2016 செப்டம்பர்ல குஜராத் உயர் நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்கு போட்டாங்க. கேம்ல வழிபாட்டு இடங்கள்ல முட்டை கிடைக்குது, முட்டை அசைவம், இது மத உணர்வைப் புண்படுத்துதுன்னு. கோர்ட் நியான்டிக்குக்கும் அரசுக்கும் நோட்டீஸ் அனுப்புச்சு. கேம் அப்ப இந்தியாவுல அதிகாரபூர்வமா வரக்கூட இல்லை! அந்தச் செய்தியைப் படிச்சப்ப நானும் நண்பர்களும் சிரிச்சோம். ஆனா நானே ஒரு சாமி கல்லை ஸ்டாப் ஆக்கப் போறப்ப சிரிப்பு வரலை. முட்டை பிரச்சினை இல்லை. வேடியப்பனுக்குக் கோழியே அறுக்கிறாங்க. கேள்வி வேற: அந்தக் கல்லைப் பார்த்துக்கிற ஆளுங்க கிட்ட கேக்காம, உலகத்துல எங்கயோ இருக்கிறவங்க ஓட்டுப் போட்டு அதைக் கேம் புள்ளி ஆக்கலாமா? வேஃபேரர்ல 'ஊர்ல கேட்டீங்களா?'ன்னு ஒரு கட்டமே எனக்குக் கண்ணுல படலை.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டேன். கல்லுக்கு விளக்கு வைக்கிற பெரியவர் பக்கத்து நிலத்துல சாமை களத்துல இருந்தார். போன்ல பெங்களூர் ஸ்டாப் ஒண்ணைக் காட்டி விளக்கினேன்.

"இங்க வந்தா என்ன கிடைக்கும்னு சொன்ன தம்பி?"

"முட்டைங்க ஐயா. போன்ல மட்டும்தான். நிஜ முட்டை இல்லை."

"அப்ப பொரியாது."

"பொரியும் ஐயா, அஞ்சாறு கிலோமீட்டர் நடந்தா."

அவர் மலையைப் பார்த்தார். "நாங்க ரேஷன் அரிசிக்கு அவ்வளவு நடந்திருக்கோம். ஒண்ணும் பொரியலையே."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் அவரே கேட்டார், ஆளுங்க வருவாங்களா, வந்தா கல்லைத் தொடுவாங்களா, ராத்திரி வருவாங்களான்னு. தொட வேண்டியதில்லை, கொஞ்சம் தள்ளி நின்னாலே போதும்னேன். ராத்திரி வர மாட்டாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியலை, அதையும் சொன்னேன். ஊர்ல பேசிட்டுச் சொல்றேன்னார். ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்ப அவர் சொன்னது: "போட்டுக்க. செருப்பைக் கழட்டிட்டுச் சுத்தச் சொல்லு. பயிர் நிக்கிற மாசம் வரப்பு மேல நடக்கச் சொல்லாத, அந்தப் பக்கத்து வண்டிப் பாதையில வரச் சொல்லு."

விளக்கத்துல ரெண்டையும் எழுதித்தான் அனுப்பியிருக்கேன். இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ற இன்னைக்கு அது இன்னும் ஓட்டுல இருக்கு. வராமலும் போகலாம். வந்தா, மலைப்பக்கம் நான் போய்வர்ற அந்த வழியில முதல் ஸ்டாப் அதுதான். பயிர் அறுக்கிற வரைக்கும் வண்டிப் பாதைதான், ஞாபகம் வச்சுக்கோங்க.

வாணியம்பாடித் தம்பி, உங்க பக்கமும் இப்படி மேப்ல இல்லாத இடம் எது இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உங்க ஊர் ஜிம்ல நீலம் யாராவது பன்னெண்டு நாளா நின்னுக்கிட்டிருந்தா தயவுசெஞ்சு அடிச்சு அனுப்புங்க, அவர் உங்களுக்கு நன்றி சொல்வார். அடுத்த வாரம் டேட்டாபேஸ் ரெண்டாம் பாகம். கேப்பீங்கன்னு நம்புறேன். வணக்கம்.